மதினியின் சந்திரமல்லிகை

செய்தி வந்தபோது பிற்பகல் மூன்றரை மணி. கல்கத்தா லேக் கார்டன்ஸில் குழாய்த் தண்ணீர் வரத் தொடங்கும் நேரம். நான் மொட்டைமாடியில் முக்காலி போட்டு உட்கார்ந்து மொட்டு கட்டிக்கொண்டிருந்தேன். மடியில் நனைத்த வாழைநார். பக்கத்துக் கிண்ணத்தில் பட்டாணி அளவு மொட்டுகள். ஒவ்வொன்றின் நுனியிலும் வெள்ளை லேசாக எட்டிப் பார்த்தது. ஆஸ்பத்திரியில் மாலையில்தான் பார்வையாளர்களை உள்ளே விடுவார்கள். அதற்குள் ஒரு சாண் சரமாவது கட்டி எடுத்துப் போக வேண்டும். மதினி கேட்டிருந்தாள்.

போனில் அண்ணன்.

"அகிலா, மோட்டார் போட்டியா?"

"இன்னும் இல்லண்ணே. இப்பத்தான் தண்ணி வருது."

"போட்டுரு. கீழ்வீட்டுக்காரங்க முந்திக்கிடுவாங்க. டேங்கு நெறையட்டும். ஆளுக நெறைய வருவாங்கள்லா. மதினி போயிட்டா."

நான் மோட்டார் போட்டேன். டேங்க் நிறைந்து வழிகிற சத்தம் வரும்வரை அதே முக்காலியில் இருந்தேன். டிசம்பர் வெயில் கைப்பிடிச் சுவரிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தது. பட்ஜ்பட்ஜ் லோக்கல் ஒன்று ஸ்டேஷனில் நின்று, கிளம்பிப் போனது. எல்லாம் கொஞ்சம் தள்ளி, தண்ணீருக்கு அடியில் நடப்பதுபோல இருந்தது. வீடு அடங்கிய பிறகு இதை எழுதுகிற இந்த நேரத்திலும் அப்படித்தான் இருக்கிறது.

மதினியின் பெயர் சுந்தரவல்லி. தென்காசி டவுனில் பிறந்தவள். என் அண்ணன் கதிரேசன் லேக் மார்க்கெட்டில் முறுக்கு, மிக்சர், தோசை மாவு விற்கிற கடை வைத்திருக்கிறான். அவனைக் கட்டிக்கொண்டு ஒரு ஆவணி மாதம் கல்கத்தாவுக்கு வந்தாள். நான் அடுத்த வருடம் காலேஜில் சேர வந்து, பிறகு அலிப்பூரில் ஆபீஸ் வேலை கிடைத்து, அவர்கள் வீட்டுப் பின்னறையிலேயே தங்கிவிட்டேன். அதனால் அந்தச் செடி வீட்டுக்கு வந்ததை நான் பார்க்கவில்லை. இரண்டு பேர் வாயாலும் கேட்டதுதான். இரண்டு பேரும் இரண்டு விதமாகச் சொல்வார்கள்.

ரயில் சாந்த்ராகாச்சியில் நின்றபோதே மதினி பெட்டியைத் தூக்கிக்கொண்டு எழுந்துவிட்டாளாம். அவ்வளவு தண்டவாளத்தையும் அவ்வளவு பெட்டிகளையும் பார்த்து அதுதான் கல்கத்தா என்று நினைத்திருக்கிறாள். "இன்னும் இருக்கு, உக்காரு," என்று அண்ணன் சொன்னான். ரயில் அங்கேயே வெகுநேரம் கிடந்தது. பக்கத்து பிளாட்பாரத்தில் ஆரஞ்சு நிறத் துலுக்கச் செவ்வந்தியை மூட்டை மூட்டையாக ஏற்றிக்கொண்டிருந்தார்கள். "இந்த ஊருல பூவுக்குப் பஞ்சம் இல்ல போல," என்று அவள் சொன்னாள். அவள் புகுந்த ஊரைப் பற்றிச் சொன்ன முதல் வார்த்தை அது.

பஞ்சம் பூவுக்கு இல்லை, மல்லிகைக்குத்தான். லேக் மார்க்கெட்டில் மல்லிச்சரம் கிடைக்கும். ஆனால் அண்ணன் விடிவதற்கு முன்னால் கடைக்குப் போய், ஷட்டரை இறக்கிவிட்டு வீடு வருகையில் பூக்காரி போயிருப்பாள். வெள்ளிக்கிழமைக்கு வெள்ளிக்கிழமை ஞாபகம் வைத்து வாங்கி வருவான். தென்காசியில் தினம் சாயந்தரம் தலை நிறைய வைத்துப் பழகியவளுக்கு வாரம் முழுக்க வெறுந்தலையாகத் திரிவது ஏதோ போலிருந்திருக்கிறது.

மேல்மாடி வீடு, இரண்டு அறை, அதற்கு மேலே மொட்டைமாடி. பேச ஆள் கிடையாது, பாஷையும் தெரியாது. தெருவை அவள் காதால்தான் படித்தாள். மீன்காரன் குரல் இது, பழைய பேப்பர்காரன் குரல் அது, கத்தி சாணை பிடிக்கிறவனின் சக்கரச் சத்தம் இது. அப்படி ஒரு காலையில், மழை விட்டிருந்த நேரம், புதுக் குரல் ஒன்று வந்தது. மூன்று சக்கர வண்டியில் செடிகளை அடுக்கி ஓட்டி வருகிறவன்.

"சொந்த்ரோமொல்லிகா... டாலியா... காந்தா..."

அவளுக்கு மற்றதெல்லாம் காற்றில் போயிற்று. 'மொல்லிகா' மட்டும் விழுந்தது. செருப்புக்கூடப் போடாமல் கீழே ஓடினாள்.

"மல்லியா?"

"மொல்லிகா, மொல்லிகா! சொந்த்ரோமொல்லிகா!"

"வெள்ளையா?" என்று அவன் பனியனைத் தொடாமல் தொட்டுக் காட்டினாள்.

"ஷாதா, ஷாதா," என்று அவன் உற்சாகமாகத் தலையாட்டினான். பூ எவ்வளவு பெரிதாக வரும் என்பதற்கு இரண்டு உள்ளங்கைகளையும் சேர்த்து விரித்துக் காட்டினான். தினமும் இரண்டு கை நிறையப் பூக்கும் என்று மதினி புரிந்துகொண்டாள்.

இலையைப் பார்த்துச் சந்தேகம் வந்ததாம். ஓரமெல்லாம் கத்தரித்துவிட்ட மாதிரி இருந்தது. கசக்கினால் மருந்து வாடை. ஆனால் அவள் டவுன்காரி. பூவைத் தெரியும், செடியைத் தெரியாது. ஊர் வேறு, பாஷை வேறு, இலையும் கொஞ்சம் வேறாகத்தான் இருக்கும் என்று தன்னையே சமாதானப்படுத்திக்கொண்டாள். பேர் சொல்லித்தானே விற்றான்?

அண்ணன் அந்த மாடியைப் பகலில் பார்த்ததே கிடையாது. "மல்லிச்செடி வாங்கியிருக்கேன்," என்று அவள் சொன்னதும் அவன் செய்த ஒரே காரியம், கடையிலிருந்து ஒரு கட்டு வாழைநார் கொண்டுவந்து கொடுத்ததுதான். ஐப்பசியில் மொட்டு வந்தது. உருண்டையாக, பச்சையாக. குண்டுமல்லி என்று மதினிக்குத் தலைகால் புரியவில்லை. ஆனால் மொட்டு விரியாமல் வளர்ந்துகொண்டே போனது. கோலிக்குண்டு ஆயிற்று. நெல்லிக்காய் ஆயிற்று.

"ஏங்க, மல்லி மொட்டு எலுமிச்சங்கா தண்டி இருக்கு."

"வங்காளத்து மல்லில்லா. நல்ல தீனி போல."

மார்கழியில் ஒரு காலை. மாடியில் பனிமூட்டம், எதிர்வீட்டு ஜன்னல்கூடத் தெரியவில்லை. மதினி மேலே போனபோது அந்த மூட்டத்துக்குள்ளே சாப்பாட்டுத் தட்டு அகலத்தில் ஒரு வெள்ளைச் செவ்வந்தி நின்றிருந்தது. இதழெல்லாம் உள்ளே வளைந்து, ஒன்றின்மேல் ஒன்று படுத்து, யாரோ பஞ்சை உருட்டிக் குச்சியில் செருகிய மாதிரி. வங்காளத்தில் செவ்வந்திக்குப் பேர்தான் சந்திரமல்லிகை; அவர்கள் வாயில் சொந்த்ரோமொல்லிகா.

ராத்திரி கடையிலிருந்து வந்தவனிடம் சொல்லி அவள் அழுதாள் என்பது அண்ணனின் கதை. அவன்தான் முதலில் சிரித்தான், பிறகுதான் தனக்கு அழுகை வந்தது என்பது மதினியின் கதை. முடிவில் இரண்டு கதையும் ஒன்றாகிவிடும். மறுநாள் அவள் அந்தப் பூவைக் காம்போடு கிள்ளி, கொண்டையில் செருகிக்கொண்டு லேக் மார்க்கெட்டுக்கு நடந்தாள்.

"என்ன வல்லி, தலையில காலிப்பிளவர வச்சிட்டு வார?" என்று எண்ணெய்க்கடை அக்கா கேட்டாளாம்.

"மல்லிக்கா. வங்காளத்து மல்லி."

"இது செவ்வந்தில்லா!"

"செவ்வந்தின்னு நீங்க சொல்லுதீங்க. வித்தவன் மல்லின்னு சொல்லித்தான் வித்தான். நான் மல்லின்னுதான் வாங்குனேன்."

அதோடு அது முடிவாகிவிட்டது. எங்கள் வீட்டில் அந்தச் செடிக்கு மல்லி என்றுதான் பேர். ஊரிலிருந்து வருகிற சொந்தக்காரர்கள் குழம்பிப்போவார்கள். "அகிலா, மல்லிக்குத் தண்ணி ஊத்திட்டியா?" என்று மதினி கேட்பாள், வந்தவர்கள் கொத்தமல்லிக் கட்டைத் தேடி அடுக்களைக்குள் போவார்கள்.

பிடிவாதமாகத் தொடங்கியதுதான். ஆனால் செடி வளர்ப்பவளாக அவளை ஆக்கியது அந்தப் பிடிவாதம் மட்டும் இல்லை என்று நினைக்கிறேன். எனக்குத் தெரிந்து அவள் சும்மா உட்கார்ந்திருந்த இடம் இந்த மாடி ஒன்றுதான். கீழே அவள் கை ஓயாது. கடைக்கு வேண்டிய மிளகாய்ப்பொடியும் பருப்புப்பொடியும் அவள் வறுத்து அரைத்ததுதான். மேலே வந்தால் வேறு ஆள். பிண்ணாக்கு ஊறவைப்பதற்குக்கூட அவசரப்படமாட்டாள். கடுகுப் பிண்ணாக்கைத் தண்ணீரில் போட்டு வாரக்கணக்கில் புளிக்கவிட்டு, தெளிவை இறுத்து, வெளிறிய டீ நிறத்துக்கு நீர் சேர்த்து ஊற்றுவாள். தெரு முனைவரை நாறும். அதற்கு அவள் எடுத்துக்கொண்டது கடையின் பழைய மாவு ட்ரம். அண்ணன் மாற்றித் தூக்கிக்கொண்டு போய்விடக்கூடாதே என்று அதன் காதில் அக்ஷராவின் ஸ்கூல் ரிப்பனைக் கட்டிவைத்தாள். அக்ஷரா அவர்களுடைய ஒரே மகள்.

கைப்பிடிச் சுவருக்கு அந்தப் பக்கம் பிஜன்தாவின் மாடி. ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர். எங்கள் பேட்டை கிளப்பின் குளிர்காலப் பூக்காட்சியில் அவருக்குக் கப் கிடைக்காத வருடம் குறைவு. அவருக்கும் மதினிக்கும் நடந்த சண்டை எல்லாம் ஒரே விஷயத்தைப் பற்றியதுதான்.

பெரிய பூ வேண்டுமென்றால் ஒரு கிளைக்கு ஒரு மொட்டைத்தான் விட வேண்டும். உச்சி மொட்டை வைத்துக்கொண்டு பக்க மொட்டுகளை எல்லாம் கடுகு அளவில் இருக்கும்போதே கிள்ளிவிடுவார்கள். அப்போதுதான் செடியின் முழு பலமும் உச்சிக்குப் போகும். காட்சிக்கு வளர்க்கிற எல்லோரும் அப்படித்தான் செய்கிறார்கள். மதினி கிள்ளமாட்டாள். பக்க மொட்டுகள் பட்டாணி அளவு ஆகி, பச்சை பிளந்து, நுனியில் வெள்ளை தெரிகிறவரை விட்டுவைப்பாள். பிஜன்தா தன் மாடியிலிருந்து தலையில் அடித்துக்கொள்வார். பௌதி என்றால் வங்காளியில் மதினி.

"பௌதி! இன்னும் கிள்ளவில்லையா? எல்லாம் சேர்ந்து மேலே இருக்கிறதின் சோற்றைத் தின்கிறதே!"

"தின்னட்டும், பிஜன்தா. பந்தியில உக்கார வச்சுட்டு எந்திரின்னு எப்பிடிச் சொல்ல?" தமிழில் முனகிவிட்டு, அதையே தென்காசி ராகத்தில் வங்காளியாக்கிச் சொல்வாள்.

"உங்கள் பூ இந்த வருடமும் என்னுடையதில் பாதிதான் இருக்கும்."

"கப்பத் தலையில வைக்க முடியுமா, சொல்லுங்க?"

அவள் அவ்வளவு நாள் காத்திருந்தது இதற்காகத்தான். வெள்ளை தெரிந்ததும் பக்க மொட்டுகளைக் கிள்ளி, கிண்ணத்தில் சேர்த்து, வாழைநாரில் நெருக்கமாகக் கட்டுவாள். உருண்டை உருண்டையாக, பச்சைக் காம்பும் வெள்ளை நுனியுமாக. சாயந்தரம் குளித்து, தலை பின்னி, அந்தச் சரத்தை வைத்துக்கொண்டு வருவாள். நாலடி தள்ளி நின்று பார்த்தால் மல்லிகையேதான். வருடத்தில் ஒரு மாதம், மார்கழியை ஒட்டி, அவளுக்குத் தினம் சாயந்தரம் தலையில் மல்லி. வண்டிக்காரன் கை விரித்துக் காட்டியது கடைசியில் பொய்யாகவில்லை. கிளப் காட்சியில் அவளுக்கு ஆறுதல் பரிசுகூடக் கிடைத்ததில்லை. வருடா வருடம் தொட்டியை மட்டும் கொண்டுபோய் வைப்பாள். பக்கத்தில் தானும் நிற்பாள், தலையில் சரத்தோடு.

இருட்டத் தொடங்குகிற அந்தக் கொஞ்ச நேரத்தில் மாடி எப்படி இருக்கும் என்று எழுதிப் பார்க்கிறேன், சரியாக வரவில்லை. கரியும் பனியும் கலந்த மூட்டம் தெருவிலிருந்து மெல்ல ஏறும். தண்டுகள் முதலில் மறையும், பிறகு இலைகள். வெள்ளைப் பூக்கள் மட்டும் பிடிப்பு எதுவும் இல்லாமல் இடுப்பு உயரத்தில் மிதக்கும். அவற்றுக்கு நடுவே மதினி கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். ஸ்டேஷன் அறிவிப்பு எங்கோ கிணற்றுக்குள்ளிருந்து கேட்கும். நிலா வரும் நாட்களில் பூக்களும் அவள் சேலையும் ஒரே நிறமாகிவிடும். அவள் எங்கே முடிகிறாள், செடி எங்கே தொடங்குகிறது என்று தெரியாது.

"ஏட்டி, மணக்கு பாத்தியா?"

"எது மதினி?"

"மல்லி."

"செவ்வந்தி எங்க மணக்கும்?"

"நீ மூக்கால பாக்க. செத்த நேரம் சும்மா இரு, தானா வரும்."

நானும் சும்மா இருந்திருக்கிறேன். சில நாள் வந்த மாதிரியும் இருந்தது. தூரத்து வீட்டுச் சாம்பிராணியோ, அவள் தலைக்குத் தேய்த்த எண்ணெயோ. இப்போது யோசித்தால், வந்தது என்றே சொல்லலாம்போல இருக்கிறது.

செவ்வந்தியை வருடா வருடம் புதிதாக்க வேண்டும். பூத்து முடித்ததும் தண்டை அடியோடு வெட்டிவிடுவார்கள். வேரிலிருந்து பக்கக்கன்றுகள் எழும்பும். அவற்றைப் பிரித்து நட்டு, கோடையில் நிழலில் காப்பாற்றி, மழைக்காலத்தில் அதன் நுனிகளைக் கிள்ளி மணலில் ஊன்றி வேர்பிடிக்க வைத்தால், அதுதான் அடுத்த குளிர்காலத்துப் பூ. மதினியின் செடி அப்படித்தான் முப்பது வருடத்துக்கு மேல் வந்தது. புயலில் மாடியில் இருந்த தகரம் பறந்த வருடம்கூடக் கன்றுகளைக் குளியலறைக்குள் அடுக்கிவைத்து, நாங்கள் குளிக்க இடமில்லாமல் திண்டாடினோம்.

"இது அந்தச் செடியோட பேத்திக்குப் பேத்தியா இருக்கும், இல்லையா?" என்று ஒருமுறை கேட்டேன்.

"பேத்தியா? கிறுக்கி. வெதையில வந்தாத்தான் பேத்தி. இது அதே ஆளு. அன்னைக்கு வண்டியில வந்துச்சே, அதேதான் இன்னைக்கும் நிக்கி. கன்ன மாத்தி மாத்தி வைக்கோம், அவ்வளவுதான்."

அவளுக்கு அது முக்கியம். ஒருமுறை பிஜன்தா தன்னிடமிருந்த பெரிய வெள்ளை ரகத்தைத் தருகிறேன், பழையதைத் தூக்கிப்போடு என்றார். வாங்கிக்கொண்டாள், வளர்த்தாள், ஆனால் அதன் மொட்டைத் தலையில் வைத்துக்கொண்டதில்லை.

இந்த வருடம் துர்கா பூஜைக்கு முந்திய பெருமழை வந்தபோது மதினி முதல் தடவையாக ஆஸ்பத்திரியில் இருந்தாள். ஈரலில் கட்டி. நானும் அண்ணனும் மாறி மாறி அங்கேயே கிடந்தோம். மாடியின் வடிகால் வாய் இலைக்குப்பையால் அடைத்துக்கொண்டது யாருக்கும் தெரியவில்லை. திரும்பி வந்து பார்த்தபோது தொட்டிகள் எல்லாம் கணுக்கால் தண்ணீரில் நின்றன. செவ்வந்தி வேருக்குத் தண்ணீர் நின்றால் ஆகாது; ஒன்றன்பின் ஒன்றாகத் தலை சாய்ந்தன. டேங்குக்குப் போகும் படிமேல் தனியாக வைத்திருந்த ஒரே ஒரு தொட்டி மட்டும் பிழைத்தது. பழைய வெள்ளைதான். அதுவும் மெலிந்து, கீழ்இலைகள் கருகி.

வீட்டுக்கு வந்த மதினி படியேற முடியாமல் ஏறி, அதைப் பார்த்தாள். சுற்றி இருந்த காலித் தொட்டிகளையும் பார்த்தாள். கார்த்திகையில் மறுபடி ஆஸ்பத்திரிக்குப் போகும்போது, ஆம்புலன்ஸில் படுத்துக்கொண்டே, "அகிலா, கன்னு வருதான்னு பாத்துக்கிட்டே இரு," என்றாள்.

இளைத்த செடி பூத்து முடித்ததும் அப்படியே பட்டுப்போவது உண்டு. கன்று விடாமல் அது போனால் எல்லாம் போயிற்று. மொல்லிகா என்ற குரலைக் கேட்டு அவள் ஓடிப்போய் வாங்கியது இந்த உலகத்தில் வேறெங்கும் இல்லை.

பிஜன்தா சுவரைப் பிடித்துக்கொண்டு ரொம்ப நேரம் அந்தத் தொட்டியைப் பார்த்தார். "பௌதியிடம் சொல். இந்த வருடம் மொட்டு எல்லாவற்றையும் கிள்ளிவிட வேண்டும். உச்சி மொட்டு உட்பட. பூக்கவிடாதே. அப்போதுதான் வேருக்குப் பலம் வரும், கன்று வரும்." அவர் சொன்னது சரி என்று எனக்கும் தெரிந்தது. மதினியிடம் சொன்னேன். அவள் கண்ணை மூடிக்கொண்டு யோசித்தாள். தூங்கிவிட்டாள் என்றே நினைத்தேன்.

"பூக்கட்டும்ட்டி," என்றாள். "பக்க மொட்டையும் விட்டுவை. வெள்ள தெரியட்டும், பெறவு கட்டிக் கொண்டா. கன்னு வரணும்னா எப்பிடியும் வரும்."

அப்படிச் சொன்னாளே தவிர, தினமும் அவள் கேட்ட முதல் கேள்வி அதுதான். வலிக்கிறதா என்று நாங்கள் கேட்பதற்கு முன்னால் அவள் கேட்டுவிடுவாள். நான் தினமும் மண்ணைக் கிளறாமல் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, இல்லை என்று சொன்னேன். ஒரு நாள் எனக்கு முன்னால் அண்ணன் பதில் சொல்லிவிட்டான்.

"கன்னு வந்திருக்கா?"

"வந்திருக்கு."

மதினி தலையைத் திருப்பினாள். "எங்கன?"

"அடியில."

"அடியிலன்னா கெழக்கேயா, மேக்கேயா?"

"அடியிலன்னா அடியிலதான். அதுல என்ன கெழக்கு மேக்கு?"

"எத்தன எல விட்டிருக்கு?"

அண்ணன் என்னைப் பார்த்தான். நான் ஜன்னலைப் பார்த்தேன்.

"எல இன்னும் விடல," என்றான். "வெள்ளையா இருக்கு."

"பூவச் சொல்லுதீங்களா, கன்னச் சொல்லுதீங்களா?" என்று மதினி சிரித்தாள். சிரித்தால் வலிக்கும், வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "மாடிக்கே ஏறாத மனுசன். பொய் சொல்லவாவது ஒருநா ஏறிப் பாத்துட்டு வந்து சொல்லப்பிடாதா? வெள்ளக் கன்னாம்! எலயும் கெடயாதாம்! நல்லாப் பாத்தீங்க போங்க." அண்ணனின் கையை எடுத்துத் தன் போர்வைமேல் வைத்துக்கொண்டாள். "சரி. அடியிலன்னு சொன்னீங்கள்லா. இருக்கட்டும்."

அதற்குப் பிறகு அவள் கேட்கவில்லை. நம்பிவிட்டாளா, அவனுக்காக விட்டுவிட்டாளா என்று எனக்குத் தெரியாது. மறுபடி பேசியது சரத்தைப் பற்றித்தான். "வெள்ள தெரிஞ்சுட்டா?" என்று முதல்நாள் கேட்டாள். தெரிந்துவிட்டது என்றேன். "அப்ப நாளைக்குக் கொண்டா. நர்ஸ் பிள்ளைக்குக் கொஞ்சம் கூடக் கட்டு, கேட்டுக்கிட்டே இருக்கு."

மறுநாள்தான் மூன்றரை மணிக்கு அந்தப் போன்.

பாதிச் சரத்தை அப்படியே எடுத்துப் போனேன். கேவராதலா சுடுகாட்டில் வைத்து அக்ஷரா அதைத் தன் அம்மாவின் தலையில் வைத்தாள். கடைசி முடிச்சு போடாததால் நார் நழுவிக்கொண்டே இருந்தது. தன் ஹேர்பின்னைக் கழற்றிக் குத்தினாள். கூட்டத்தில் நின்ற எண்ணெய்க்கடை அக்கா குனிந்து பார்த்து, "மல்லி வச்சுத்தான் அனுப்புதாக," என்று பக்கத்தில் இருந்தவளிடம் சொன்னாள். கேலியாகச் சொல்லவில்லை.

பிறகு வந்த நாட்களில் வீடு முழுக்க ஆட்கள். நான் மாடிக்குப் போகவில்லை. உச்சி மொட்டு எப்போது விரிந்தது என்று தெரியாது. காரியம் முடிந்து எல்லோரும் கிளம்பிய மறுநாள் காலை, பெருக்குவதற்காக அக்ஷரா மேலே போனாள். புனேயிலிருந்து வந்திருந்தவள், அவளுக்குத் தமிழைவிட வங்காளிதான் சுலபம். அத்தை என்று சொல்லாமல் என்னைப் பிஷி என்றுதான் கூப்பிடுவாள். கொஞ்ச நேரத்தில் அவள் குரல் படிக்கட்டில் இறங்கி வந்தது.

"பிஷி! பிஷி, எக்பார் எஷோ! இங்க வாயேன், இது என்னதுன்னு பாரு!"

மேலே மூட்டம். அதற்குள்ளே அந்தப் பூ நின்றிருந்தது. பிஜன்தாவின் பூக்களில் பாதிதான் இருக்கும், ஆனால் முழுசாக, ஒரு இதழ்கூடக் கருகாமல். அக்ஷரா பூவைக் காட்டவில்லை. பெருக்குவதற்காகத் தொட்டியை ஒரு பக்கமாகச் சாய்த்துப் பிடித்திருந்தாள். அதன் அடியில், தண்ணீர் வடிகிற துளைக்குள்ளிருந்து, ஒரு முளை வெளியே வந்து, தரையில் இடம் இல்லாமல் வளைந்து படுத்திருந்தது. சுண்டுவிரல் நீளம். வெளிச்சம் படாததால் இலை ஒன்றும் விரியவில்லை. வெள்ளையாக இருந்தது.

"இது வேரா?" என்று அக்ஷரா கேட்டாள்.

"இல்ல," என்றேன். "அப்பாவக் கூப்பிடு."

அண்ணன் ஏறி வந்தான். மூச்சு வாங்கியது. தரையில் இரண்டு கையையும் ஊன்றி, கன்னம் தரையில் படுகிற மாதிரிக் குனிந்து பார்த்தான். அப்படியே இருந்தான். லோக்கல் ஒன்று வந்து நின்று போயிற்று.

"நான் சொன்னேன்லா," என்றான்.

சுவருக்கு அப்பால் பிஜன்தா வந்து நின்றிருந்தார். அவருக்கும் காட்டினோம். சுவரைத் தாண்டி வரும் வயது இல்லை அவருக்கு. என்றாலும் தாண்டி வந்துவிட்டார். விரலால் மண்ணைத் தொட்டுப் பார்த்துவிட்டுச் சொன்னார்: துளை வழியாக இழுத்தால் முறிந்துவிடும். மேலிருந்து பெயர்த்தாலும் முறியும். தொட்டியை உடைத்துத்தான் வேரோடு எடுக்க வேண்டும். ஆனால் இப்போது உடைத்தால் பூ அன்றைக்கே தொங்கிவிடும். "வெளிச்சம் படுகிற மாதிரி வையுங்கள், கொஞ்ச நாள் தாங்கும். ரொம்ப நாள் தாங்காது."

இரண்டு செங்கல் எடுத்து, இடைவெளி விட்டு, தொட்டியை அதன்மேல் தூக்கிவைத்தோம். காலையில் கிழக்கு வெயில் அந்தச் சந்துக்குள் நுழைகிறது. முளை இப்போது பச்சையாகிவிட்டது. இரண்டு இலை விட்டிருக்கிறது, ஓரமெல்லாம் கத்தரித்த மாதிரி. அண்ணன் தினமும் கடைக்குப் போகும் முன்னால் மாடிக்கு ஏறிவிட்டுத்தான் போகிறான். புதுத் தொட்டி வாங்கி வந்துவிட்டான். மதினி கலந்து சாக்கில் கட்டிவைத்திருந்த மண்ணை அதில் நிரப்பி, நடுவில் விரலால் குழியும் போட்டிருக்கிறான்.

செவ்வந்தி உதிராது. நின்ற இடத்தில், வெளி இதழிலிருந்து உள்ளே, கொஞ்சம் கொஞ்சமாகக் காயும். ஒரு வாரமாக வெளி இதழ்கள் பழுப்பாகிவருகின்றன. நடுவில் இன்னும் வெள்ளை இருக்கிறது. கடையிலிருந்து கொண்டுவந்த சுத்தியல் கைப்பிடிச் சுவரின்மேல் இருக்கிறது. ராத்திரிப் பனியில் நனைகிறது. காலையில் அண்ணன் அதைத் துண்டால் துடைத்துவிட்டு, திரும்ப அங்கேயே வைக்கிறான். தொட்டியை இன்னும் உடைக்கவில்லை.